தம்பதியாக நெடுந்தூர ரயிலில் போகிறீர்களா? பக்கவாட்டுப் படுக்கையைக் கேளுங்கள்

சென்னையிலிருந்து புது டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் இரண்டடுக்கு ஏசியில் நடைபாதையை ஒட்டிக் கீழும் மேலுமாக இருக்கும் சைடு லோயர், சைடு அப்பர் ஜோடியைத்தான் நான் சொல்வேன். பகலில் கீழ்ப்படுக்கையை மடக்கினால் எதிரெதிராக இரண்டு இருக்கைகள், நடுவில் உங்களுக்கே உங்களுக்கான ஜன்னல். திரையை இழுத்துவிட்டால் அது தனி அறை போலத்தான். எதிர்ப்பக்கம் நான்கு பேர் இருக்கும் பகுதியில் கிடைத்தால், முன்பின் தெரியாத இருவரோடு இடத்தைப் பகிர வேண்டும்.

ஒரு குறை உண்டு: பக்கவாட்டுப் படுக்கையின் நீளம் சற்றுக் குறைவு. கணவரோ மனைவியோ ஆறடிக்கு அருகில் இருந்தால் காலை மடக்கித்தான் தூங்க வேண்டும்; அவர்களுக்கு இது வேண்டாம். கீழே இரு இருக்கைகள் சேரும் இடம் முதுகில் உறுத்தும். ஒரு போர்வையை மடித்து அங்கே விரித்துவிடுங்கள், இரவு நிம்மதியாகக் கழியும்.

மூன்றடுக்கிலும் ஸ்லீப்பரிலும் படுக்கை எண் 7, 8 என்பதுதான் முதல் பக்கவாட்டு ஜோடி. அடுத்தது 15, 16. அங்கே நடுப்படுக்கைத் தொல்லை இல்லை என்பதே பெரிய நன்மை.

கையில் பணம் இருந்தால் முதல் வகுப்பு ஏசி. அதில் கூப்பே எனப்படும் இருவருக்கான தனி அறை இருக்கிறது, கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். ஆனால் பதிவு செய்யும்போது அதை நீங்களே தேர்ந்தெடுக்க முடியாது. பயணிகள் பட்டியல் தயாராகும்போதுதான் ஒதுக்குவார்கள். அதனால் இருவருக்கும் ஒரே டிக்கெட்டாகப் பதிவு செய்யுங்கள்.