கன்னத்தைக் குத்திய கம்பி

பற்களைச் சீராக்கக் கம்பி போட்டிருக்கும் என் மகளுக்கு, கடைவாய்ப் பக்கம் கம்பியின் நுனி நீண்டு கன்னத்தைக் குத்தியது. பற்கள் நகர நகர, மிச்சக் கம்பி பின்பக்கம் வெளியே வருவது இயல்புதான். ஞாயிற்றுக்கிழமை, மருத்துவர் இல்லை. கழுவிய பென்சில் ரப்பரால் நுனியை மெதுவாகப் பல்லோடு சேர்த்து அழுத்தினேன். பாதிதான் மடங்கியது. பஞ்சால் அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டு (ஈரம் இருந்தால் மெழுகு சரியாக ஒட்டாது), மருத்துவர் முன்பே கொடுத்திருந்த மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அதன்மேல் அப்பினேன். பிள்ளையின் முகம் தெளிந்தது. புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்க வைத்தேன். நகவெட்டியால் மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள். துண்டு தொண்டைக்குள் போய்விடலாம். மறுநாள் மருத்துவர், வெட்டிய துண்டைப் பிடித்துக்கொள்ளும் தனிக் குறடால் நுனியை நறுக்கிவிட்டார்.