சிறு முதலீட்டில் நாய் குரூமிங் தொழில்: சீப்பு பிடிப்பதிலிருந்து விலை சொல்வது வரை

நாய்களோடு பழகத் தெரியும், அதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை இருக்கிறது, ஆனால் கடை பிடித்துத் தொட்டியும் மேசையும் வாங்கிப் போடும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்வது வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் நாயைக் குளிப்பாட்டி, முடி வாரித் திருத்தி, நகம் வெட்டிவிடும் வேலை. தனி ஆளாகச் செய்யலாம். கருவிகள் ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

பதிவு, உரிமம், வரி ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை. அவை இடத்துக்கு இடம் மாறும். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பொதுவான பொறுப்புக் காப்பீடுகள் பலவற்றில், நம் கைப்பொறுப்பில் இருக்கும் பிறர் உடைமை சேர்வதில்லை. வாடிக்கையாளரின் நாய் அந்தக் கணக்கில்தான் வரும். எனவே, "என் கையில் இருக்கும்போது நாய்க்குக் காயம் பட்டால் இழப்பீடு உண்டா?" என்று வெளிப்படையாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதைச் செய்ய மாட்டீர்கள் என்று எழுதிவையுங்கள்

எல்லோரும் என்னென்ன செய்து தருவோம் என்ற பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். நான் மறுக்கும் பட்டியலில் தொடங்கச் சொல்வேன். மயக்கமருந்து கொடுத்துச் செய்ய வேண்டிய எதுவும் கால்நடை மருத்துவரின் வேலை. ஆசனவாய்ச் சுரப்பியை அழுத்தி எடுப்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். தடுப்பூசி வரிசை முடியாத குட்டிகளை எடுக்காதீர்கள். அந்த வரிசை பொதுவாக 6 முதல் 8 வார வயதில் தொடங்கி 16 வாரம் வரை போகும். உடம்பில் வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தொடாதீர்கள். படர்தாமரையாக இருந்தால் உங்களுக்கும் ஒட்டும், அடுத்த வீட்டு நாய்க்கும் ஒட்டும்; அதன் வித்துகள் பிரஷ்ஷில் தங்கி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கடியும் இந்தத் தொழிலில் உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கான முன்கூட்டிய தடுப்பூசி பற்றி, வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். கடித்துவிட்டால், எவ்வளவு சிறிய காயமானாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும். "தடுப்பூசி போட்ட நாய்தானே" என்று விடக் கூடாது.

இரண்டாம் படி: கருவிகள்

முதலில் வாங்க வேண்டியது ரப்பர் விரிப்பு. பலர் உலர்த்தும் இயந்திரத்துக்குத்தான் முதல் பணத்தைப் போடுகிறார்கள். வழுக்கும் தளத்தில் நிற்கும் நாய்க்கு நீங்கள் வைத்திருக்கும் எந்த இயந்திரமும் உதவாது. கால் ஊன்றி நின்றால்தான் அது அமைதியாகும்.

அடுத்து, பாதிப் பக்கம் அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லும் உள்ள எஃகுச் சீப்பு. பிறகு வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ். நகவெட்டியில் கத்தரிக்கோல் வடிவத்தையே நான் சொல்வேன். வளையத்துக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் வகை, கூர் மழுங்கியதும் நகத்தை நசுக்கிவிடும். இரத்தத்தை நிறுத்தும் பவுடர் ஒரு சிறு டப்பா கட்டாயம். அவசரத்துக்குச் சோளமாவும் கைகொடுக்கும்.

முடிவெட்டும் கிளிப்பர் வாங்கும்போது, பிளேடைக் கழற்றி மாற்றக்கூடிய ஏ5 வகையாகப் பாருங்கள். ஆண்டிஸ், ஆஸ்டர், வால் என்று பல நிறுவனங்களின் ஏ5 பிளேடுகள் ஒன்றின் இயந்திரத்தில் மற்றொன்று பொருந்தும். ஒரே பிளேடைத் தள்ளித் தள்ளி நீளம் மாற்றும் விலை குறைந்த வகை, அடர்ந்த முடியில் திணறும். பிளேடில் எண் கூடக் கூட முடி குட்டையாகும். 10ஆம் எண் சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். தொடக்கத்துக்கு அது ஒன்றே போதும். ஓட ஓட பிளேடு சூடாகும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும்.

மனிதர்களுக்கான ஷாம்பு வேண்டாம். நம் தோல் அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. அதற்கென்று தயாரித்ததையே வாங்குங்கள்.

மூன்றாம் படி: போனில் கேட்க வேண்டியவை

வயது, இதய நோய், வலிப்பு, ஒவ்வாமை ஆகியவற்றைக் கேட்பீர்கள்; அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூடவே இரண்டு கேள்விகள். ஒன்று: "கடைசியாக நகம் வெட்டியபோது நாய் என்ன செய்தது?" பயமா, கடியா, அமைதியா என்பது இதில் தெரிந்துவிடும். "உங்கள் நாய் கடிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு: "காதுக்குப் பின்னால் முடிக்குள் விரலை விடுங்கள். விரல் நுனி தோலைத் தொடுகிறதா?" தொடுகிறது என்றால் அது சாதாரண வேலை. தொடவில்லை என்றால் உள்ளே சிக்கு இருக்கிறது; நீங்கள் போய்ப் பார்க்கும்வரை விலை சொல்லாதீர்கள்.

நான்காம் படி: சிக்கு

என்னை நீண்ட காலம் திணறடித்த படி இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூடில், ஷிட்சு போன்ற முடி வளர்ந்துகொண்டே இருக்கும் நாய்களை வைத்திருப்பவர்கள் தினமும்தான் வாரிவிடுகிறார்கள். மேலே பட்டுப் போல இருக்கும். சீப்பை உள்ளே விட்டால் பாதியில் நிற்கும். பிரஷ் மேல்முடியை மட்டும் தடவிப் போகிறது. தோலை ஒட்டிய முடி அடியில் பின்னிக்கொண்டு கிடக்கிறது. காதின் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டையின் அடி, தொடை இடுக்கு, விரலிடுக்கு ஆகியவைதான் வழக்கமான இடங்கள்.

வாரும் முறை இப்படி. காலின் அடியிலிருந்து தொடங்குங்கள். இடக்கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். அதன் அடியில் தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் முடியை மட்டும் பிரஷ்ஷால் கீழ்நோக்கி வாருங்கள். பிறகு விரல் அகலத்துக்கு முடியைக் கீழே விட்டு, அடுத்த கோட்டை எடுங்கள். இப்படியே முதுகு வரை ஏறுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் எஃகுச் சீப்பைத் தோலிலிருந்து நுனி வரை ஓட்டிப் பாருங்கள். எங்கும் தடங்காமல் வந்தால்தான் அந்தப் பகுதி முடிந்தது என்று பொருள். பிரஷ் சொல்வதை நம்பாதீர்கள், சீப்பு சொல்வதை நம்புங்கள்.

இதையெல்லாம் குளிப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும். சிக்கு நனைந்தால் இறுகும். உள்ளே ஷாம்பு தங்கும், தோல் காயாது, ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து புண்ணாகும்.

சிறிய சிக்கை இப்படி எடுக்கலாம். வேரில் இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு தோலுக்குப் போகாது. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தளராவிட்டால் விட்டுவிட்டு, 10ஆம் எண் பிளேடால் எடுத்துவிடுங்கள். பிளேடு தோலோடு படிந்து ஓட வேண்டும். மறுகை தோலை இழுத்து நிறுத்த வேண்டும். கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது. சிக்கு தோலையும் தனக்குள் இழுத்து மேலே தூக்கி வைத்திருக்கும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. கத்தரிக்கோல் காயங்கள் பல இங்கேதான் நடக்கின்றன.

காது மடலில் பலகை போல இறுகிய சிக்கை எடுத்தால், அதுவரை அழுந்திக் கிடந்த இரத்த ஓட்டம் சட்டென்று திரும்பும். நாய் தலையைப் பலமாக உதறும்; உதறி உதறி மடலுக்குள் இரத்தம் கட்டிவிடக்கூடும். வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த சில நாள் காது வீங்குகிறதா என்று பார்க்கவும் சொல்லுங்கள்.

உடம்பு முழுவதும் சிக்கு என்றால், மணிக்கணக்கில் பிரித்துப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. அந்த நாய்க்கு அது வெறும் வலி. ஒட்ட வெட்டிவிட வேண்டியதுதான். "முடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்" என்று உரிமையாளர் கெஞ்சுவார். வாதாடாதீர்கள். சீப்பை அவர் கையில் கொடுத்து, "நீங்களே ஒரு முறை விட்டுப் பாருங்கள், அம்மா" என்று சொல்லுங்கள். சீப்பு நிற்கும் இடமும், இழுத்தால் நாய் திரும்பிப் பார்க்கும் பார்வையும் அவருக்குப் புரிய வைத்துவிடும். பிறகு ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: குளியல், உலர்த்தல்

வெதுவெதுப்பான நீர். கழுத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள்; முகத்தை ஈரத் துணியால் கடைசியில் துடையுங்கள். காதுக்குள் நீர் போகக் கூடாது. ஷாம்பு தேய்த்ததைவிட இரண்டு பங்கு நேரம் அலசுங்கள். உலர்த்தும் இயந்திரத்தைத் தூரத்தில் வைத்து, மெல்லிய வேகத்தில், பின்னங்காலிலிருந்து தொடங்குங்கள். பக், புல்டாக் போன்ற குட்டை மூக்கு நாய்களுக்குச் சூடான காற்று ஆபத்து. மூச்சிரைப்பு கூடினால் உடனே நிறுத்துங்கள்.

ஆறாம் படி: நகம்

வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக்குழாயும் நரம்பும். அதற்கு முன்பே நின்றுவிடலாம். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது. அதை மெல்லிய சீவலாகச் சீவுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு வெட்டிய முகத்தை நேராகப் பாருங்கள். முதலில் வறண்டு வெளுத்த பொடி போல இருக்கும். இன்னும் சீவினால் நடுவில் ஒரு கருநிறப் புள்ளி வரும், அந்த இடம் சற்றே ஈரமாகப் பளபளக்கும். அங்கே நிறுத்துங்கள். நெடுநாள் வெட்டாத நகத்தில் இரத்தக்குழாயும் நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவந்தால் அது பின்வாங்கும்.

நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது, காரணமில்லாமல் கொட்டாவி விடுகிறது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறது, உடம்பு விறைக்கிறது என்றால் அது போதும் என்று சொல்கிறது. உறுமினால் அதட்டாதீர்கள். அதட்டி உறுமலை நிறுத்திவிட்டால் அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல் கடி விழும். இரண்டு கால் நகத்தோடு நிறுத்திவிட்டு, மீதியை இன்னொரு நாள் செய்வதாகச் சொல்லுங்கள். நாலு பேர் அமுக்கிப் பிடித்து முடித்த வேலையைவிட, பாதியில் அமைதியாக நிறுத்திய வேலைதான் வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவருகிறது. அடுத்த முறை உங்களைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் ஓடாத நாயைவிடப் பெரிய விளம்பரம் இந்தத் தொழிலில் கிடையாது.

ஏழாம் படி: விலை

நாயின் அளவை வைத்து விலை வைக்காதீர்கள், நேரத்தை வைத்து வையுங்கள். வழவழப்பான குட்டை முடி கொண்ட பெரிய நாய் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிக்கு விழுந்த சிறிய நாய் இரண்டரை மணி நேரம் வாங்கும். 90 நிமிட வேலை என்று நினைப்பது 90 நிமிடம் அல்ல. போக 20, வர 20, விரித்து வைக்க 10, கழுவித் துடைக்க 20 என்று சேர்த்தால் 160 நிமிடம் ஆகிறது. அந்த 160க்குத்தான் கூலி வர வேண்டும். ஷாம்பு, பிளேடு சாணை, காப்பீடு அதற்கு மேல். சிக்குக்குத் தனிக் கட்டணத்தை மணிக்கணக்கில் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் செலவான நேரத்துக்கு மட்டும் வாங்குவீர்கள் என்பதையும் ஒப்புதல் தாளிலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால் பணத்துக்காக ஒரு நாயை அமுக்கிப் பிடிக்க வேண்டிய நிலை உங்களுக்கு வராது.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

"பொமரேனியனுக்கு வெயில் தாங்கவில்லை, மொட்டையடிக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். பொமரேனியன், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரிட்ரீவர் ஆகியவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. வெட்டினால் பழையபடி வளராமல் திட்டுத் திட்டாக நிற்கலாம், தோலில் வெயில் நேராக விழும். அடிமுடியை நன்றாக வாரி எடுத்துக் காற்றுப் போக விடுவதுதான் சரியான வேலை. மருத்துவக் காரணமோ முழு உடல் சிக்கோ இருந்தால் மட்டுமே விலக்கு.

பூனையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். பூனையின் தோல் மிக மெல்லியது, எளிதில் கிழியும். அதைவிட முக்கியம்: நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. நாயும் பூனையும் உள்ள வீட்டில் நாயின் மேல் எதைப் பூசுகிறீர்கள் என்பதைக் கூடக் கவனிக்க வேண்டும்.

கருவிகளின் தொற்று நீக்கம் பற்றி நான் முதலில் எழுதவே இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான். நாய்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் ஆல்கஹால் தெளிப்புக்கும் சோப்புக்கும் அசையாது. துணி வெளுக்கும் சாதாரண பிளீச்சில் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து, முதலில் அழுக்கையும் முடியையும் கழுவி நீக்கிவிட்டு, விரிப்பிலும் வாளியிலும் 10 நிமிடம் ஊற விடுங்கள். கலவையை அன்றன்று புதிதாகத் தயாரியுங்கள். வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் சேர்க்காதீர்கள். சீப்பு பிளீச்சில் நெடுநேரம் கிடந்தால் துருப்பிடிக்கும். நேரம் முடிந்ததும் எடுத்து அலசி, உலர்த்தி வையுங்கள். கிளிப்பர் பிளேடைப் பிளீச்சில் போடாதீர்கள். அதற்கென்று விற்கும் கிருமிநாசினித் தெளிப்பானில், பார்வோவையும் படர்தாமரையையும் கொல்லும் என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தெளித்த பிறகு ஒரு துளி எண்ணெய் விட்டு வையுங்கள்.