பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாதீர்கள்: அறிவியல் பயிற்சி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இருக்கும் பெரிய பயம், பிள்ளைகள் ஏதாவது கேட்டு நமக்குப் பதில் தெரியாமல் போய்விடுமோ என்பதுதான். அதனால் வகுப்பு கவிழ்வது அபூர்வம். கவிழ்ப்பவை வேறு: இரண்டு பேட்டரி தீர்ந்துபோயிருக்கும், ஒரு குழுவுக்கு நூல் போதாது, மணி அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது எல்லார் கையிலும் ஈரக் கண்ணாடிக் குவளை இருக்கும்.

முதல் தவறு, பொருள்களை விநியோகித்துவிட்டு விளக்க ஆரம்பிப்பது. வயரும் பல்பும் மேசைக்கு வந்துவிட்டால் அதன்பின் நீங்கள் பேசுவது பதினோரு வயதுக் காதில் ஏறாது. குரலை உயர்த்தினாலும் பயனில்லை. செய்ய வேண்டியதைப் பலகையில் நான்கு வரிக்குள் எழுதுங்கள். ஒரு மாணவரை எழுப்பி, முதலில் என்ன, அடுத்து என்ன என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் உங்கள் அறிவுறுத்தலில் ஓட்டை இருக்கிறது. அளவுகளைக் குறிக்கும் அட்டவணையை நோட்டில் போட்டு முடித்த குழுவுக்கு மட்டும் தட்டு. தட்டின் மேல் ஒரு சீட்டு: பேட்டரி 2, வயர் 3, பல்பு 1. திரும்பி வரும்போது எண்ணிப் பார்க்க அந்தச் சீட்டே போதும்.

நடுவில் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் சத்தத்துக்கு மேலே கத்தாதீர்கள். எல்லாரும் பொருளைக் கீழே வைத்துக் கையைக் கட்டிய பிறகு முப்பது வினாடி பேசுங்கள், விடுங்கள்.

அடுத்தது ஒத்திகை. பாடக்குறிப்பில் ‘சோதனை செய்து காட்டுதல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, வகுப்பில்தான் முதல்முறையாகச் செய்து பார்ப்பவர்கள் பலர். முந்தைய நாளே, அதே பொருள்களை வைத்து ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். மின்சுற்றுப் பாடம் என்றால் ஒவ்வொரு பேட்டரியையும் பல்பையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பழுதான பல்பு கிடைத்த குழு, பல்பைச் சந்தேகிக்காது. தான் சரியாகப் போட்ட சுற்றைப் பிரித்துத் தவறாகப் போட ஆரம்பிக்கும். எல்இடி கொடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 1.8 வோல்ட்டாவது வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்து எரியவில்லையே என்று தேடினால் பிழை கிடைக்காது. இரண்டு பேட்டரி, 100 ஓம் மின்தடை, ஒரு சிவப்பு எல்இடி, நீளமான கால் நேர்முனைப் பக்கம்: இது ஒழுங்காக எரியும். மின்தடை இல்லாமல் 9 வோல்ட்டில் நேராகப் போட்டால் ஒருமுறை பளிச்சென்று எரிந்து செத்துவிடும்.

நீங்கள் தனியாக ஆறு நிமிடத்தில் முடித்தால் வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் என்று வையுங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் அறிமுகமும் விநியோகமும் பத்து, செய்முறை பதினைந்து, எடுத்துவைக்க ஐந்து, பேசப் பத்து. நேரம் இழுக்கும்போது எல்லாரும் வெட்டுவது கடைசிப் பத்தைத்தான். அந்தப் பத்து நிமிடம் போனால் அது அறிவியல் வகுப்பு அல்ல, கைவேலை வகுப்பு. இழுக்கும் என்று தோன்றினால் செய்முறையில் ஒரு படியைக் குறையுங்கள்.

அளவெடுக்கும் பாடங்களில் பிழை மிகச் சிறிய இடத்தில் ஒளிந்திருக்கும். தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 1 வினாடி, 1 மீட்டர் ஊசல் 2 வினாடி. பத்து அலைவுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுக்கச் சொல்கிறீர்கள். பாதிக் குழுக்களுக்கு 0.9 வருகிறது. ஏன்? குண்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ண ஆரம்பித்தார்கள். ‘பத்து’ என்றபோது முடிந்தது ஒன்பது அலைவுதான். விடும்போது ‘பூஜ்யம்’ என்று சொல்லப் பழக்குங்கள். நூலின் நீளத்தை முடிச்சுவரை அளக்கிறார்களா, குண்டின் மையம்வரை அளக்கிறார்களா என்றும் பாருங்கள். இன்னும் சிலர் ‘போனது ஒன்று, வந்தது இரண்டு’ என்று எண்ணுவார்கள். அவர்களுக்கு விடை சரிபாதியாக வரும். விடையைப் பார்த்தே எந்தக் குழு எந்தத் தவறு செய்தது என்று சொல்லிவிடலாம். 0.9, 0.5 இரண்டையும் பலகையில் எழுதி, ‘இது எப்படி வந்திருக்கும்?’ என்று வகுப்பையே கேளுங்கள். ஊசலைப் பற்றி நீங்கள் தயாரித்த விளக்கத்தைவிட அந்த ஐந்து நிமிடம் உருப்படியானது.

இங்கேதான் ஆகப் பெரிய தவறு வருகிறது: எதிர்பாராத அளவீட்டை மூடி மறைப்பது. தண்ணீர் கொதிக்கிறது, வெப்பமானி 98 காட்டுகிறது. ‘சரி, 100 என்று எழுதிக்கொள்ளுங்கள்.’ இந்த ஒரு வாக்கியம், அளந்தது முக்கியமல்ல, புத்தகத்தில் இருப்பதுதான் முக்கியம் என்று நாற்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. 98 என்றே எழுதட்டும். பள்ளி வெப்பமானி ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டும். ஊர் கடல்மட்டத்திலிருந்து உயர உயர, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். இரண்டு வெப்பமானியை ஒரே குவளையில் வைத்துப் பார்த்தால் பாதி விவாதம் அங்கேயே தீரும்.

இதன் மறுபக்கம், தவறான விளக்கத்தைச் சரியான சோதனையோடு ஒட்டிவிடுவது. தண்ணீர்த் தட்டில் மெழுகுவத்தியை ஏற்றி மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து தண்ணீர் மேலே ஏறும். ‘ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது’ என்ற விளக்கம் காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் முழுதும் தீர்வதில்லை. காற்றில் அது ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம், சுடர் இருந்தபோது விரிந்த காற்று அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவது; நீராவியும் தண்ணீராகிவிடும். சந்தேகமா? ஒரு வத்திக்குப் பதில் மூன்று வத்தி வையுங்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் அதேதான், தண்ணீர் மட்டும் கூடுதலாக ஏறும். எந்தச் சோதனையையும் செய்து காட்டும் முன், ‘இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா?’ என்று உங்களையே ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘புரிஞ்சுது மிஸ்’ என்று கோரஸ் வரும், அதற்குப் பொருள் கிடையாது. பருவகாலம் நடத்தினால் ‘சூரியனுக்குப் பூமி மிக அருகில் வருவது எந்த மாதம்?’ என்று கேளுங்கள். ஜனவரி தொடக்கத்தில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில் என்று தெரிந்ததும், தூரம்தான் கோடைக்குக் காரணம் என்று நினைத்திருந்தவர்கள் முழிப்பார்கள். வட அரைக்கோளத்தில் அது குளிர்காலமாயிற்றே. கேட்டபின் காத்திருப்பதும் ஒரு வேலை. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். வகுப்பின் முன் நிற்கையில் மூன்று வினாடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள்.

பாதுகாப்பில் பேச்சுக்கே இடமில்லை. இலையில் ஸ்டார்ச் சோதனைக்கு ஆல்கஹாலை ஒருபோதும் சுடர் மேல் வைக்கக் கூடாது. அது 78 டிகிரியிலேயே கொதிக்கும், ஆவி சட்டெனப் பற்றும். தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதற்குள் ஆல்கஹாலும் இலையும் உள்ள சோதனைக் குழாயை இறக்குங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான், அதனால் ஆறும் வரை வைக்க ஒரு தனி இடம் குறித்துவிடுங்கள்.

வழிகாட்டி ஆசிரியரிடம் ‘வகுப்பு எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பார். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்து, நீங்கள் யார் யாரிடம் கேள்வி கேட்கிறீர்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் பெரும்பாலும் முன் இரண்டு வரிசையில்தான் குவிந்திருக்கும்.