மழை படுத்துப் பெய்யும் ஊரில் வாசல் எடுப்பது

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து அடிக்கும். சாரல் நேராக விழாது, படுத்துக்கொண்டு வரும். சென்னையில் போட்ட பிளானை அப்படியே இங்கே கட்டினால், முதல் சாரலிலேயே மேற்கு ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிப்போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மழை 45 பாகை சாய்ந்து வந்தால், 2 அடி சன்ஷேடு ஜன்னலின் மேல் 2 அடியைத்தான் காக்கும். 4 அடி ஜன்னலில் பாதி நனையும். மேற்கே 5 அடியில் தாழ்வாரம் இறக்கி, கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தை 7 அடி உயரத்தில் முடியுங்கள். சுவரில் 2 அடிக்கு மேல் அந்த மழை படாது, மாலை வெயிலும் பெருமளவு குறையும். இடமில்லையா, சன்ஷேடின் அடியில் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி விளிம்பு நெடுக அரை அங்குலக் காடி (தண்ணீர் சொட்டி விழுவதற்கான பள்ளக்கோடு) எடுக்கச் சொல்லுங்கள். காடி இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே சுவருக்கு வந்துவிடும். கொத்தனார் மறப்பது இதைத்தான். பூச்சு காய்ந்தபின் வெட்டினால் விளிம்பு உடையும்.

மேற்கே நுழையும் காற்றுக்கு கிழக்கே அதே அளவாவது திறப்பு வேண்டும். போக வழியில்லாத காற்று உள்ளே வராது. கதவுகளுக்குக் காந்த ஸ்டாப்பரும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஆடி முழுக்க டமார் டமார்தான்.

வடக்கில் வெயில் படாது என்பார்கள். இந்த ஊர் அட்சரேகை 9 பாகை. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு தேவை.

இனி படி. உயரம் 6 அங்குலம், மிதி 12 அங்குலம், எல்லாப் படியும் ஒரே அளவு. உள்ளே டைல்ஸும் கலவையுமாக 2 அங்குலம் ஏறும் என்பதை மறந்து படி கட்டினால், கடைசிப் படி மட்டும் 8 அங்குலமாகிவிடும். கால் இடறுவது அங்கேதான். படி எண்ணிக்கையை முடிந்த தரைமட்டத்திலிருந்து கணக்கிடுங்கள்.

சாய்தளம் 12 அடிக்கு 1 அடி ஏற வேண்டும். 2 அடி பேஸ்மட்டத்துக்கு 24 அடி நீளம், நடுவே 5 அடிச் சமதளம் தனி. பைக் ஏற்ற 8 அடியில் போடுகிற சரிவில் சக்கர நாற்காலியைத் தள்ள முடியாது. கிழக்குச் சுவரை ஒட்டி எடுத்தால் சாரலும் அதிகம் படாது. வழுவழு டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான கல் போதும்.

தண்ணீர் உள்ளே வராமலிருக்க நிலைப்படியை உயர்த்துவது பழைய வழக்கம்; முதியவர்களுக்கு அது தடை. அரை அங்குலத்தோடு நிறுத்திவிட்டு, வாசல் திண்ணைத் தரையை 5 அடிக்கு 1 அங்குலம் வெளிப்பக்கம் சரியுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு குடம் தண்ணீரை அங்கே கொட்டுங்கள். வீட்டுப்பக்கம் திரும்பினால் அன்றே கலவையைக் கொத்தித் திரும்பப் பூசச் சொல்லுங்கள்.