கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு சொந்தத் திண்ணை: லெம்மியிலும் மாஸ்டடானிலும் குழு தொடங்குவது எப்படி?

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதிப் போட்டி. ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அப்புறம் கிரிகரி நெல்சன் அடித்த இரண்டு கார்னர், மெயில்சன் ஆல்வ்ஸின் இரண்டு ஹெடர். இடைவேளைக்குள் சென்னையின் எஃப்சி 2-1 என்று முன்னால் வந்துவிட்டது. முடிவில் 3-2, நமக்கு இரண்டாவது கோப்பை. அன்றிரவு எங்கள் ரசிகர் குழுவில் யாரும் தூங்கவில்லை. அந்த இரண்டு கார்னரிலும் ஆல்வ்ஸை ஏன் யாராலும் பிடிக்க முடியவில்லை என்று ஒரு நண்பர் நோட்டுத் தாளில் மைதானம் வரைந்து, அம்புக்குறி போட்டு, போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். அதன் கீழே மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது.

இன்று அந்தப் படமும் இல்லை, சண்டையும் இல்லை. நாங்கள் கூடியிருந்தது ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில். குழுவைத் தொடங்கிய நண்பருடைய கணக்கு ஒருநாள் முடங்கியது. ஏன் என்று கேட்டு எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. கணக்கோடு குழுவும் போனது. பிறகு ஒரு மெசேஜ் ஆப்பில் கூடினோம். பேசலாம், ஆனால் நேற்றுப் பேசியது இன்று எங்கோ மேலே போய்விடுகிறது, புதிதாகச் சேருபவருக்குப் பழைய பேச்சு எதுவும் தெரிவதில்லை.

2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது, ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தியது. மேட்சே இல்லாத அந்த நாட்களில்தான், ரசிகர்கள் கூடிப் பேச நிலையான ஓர் இடம் வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. கால்பந்து ரசிகர்கள் இதைவிடப் பெரிய காரியமே செய்திருக்கிறார்கள். 2002இல் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கொடுக்கப்பட்டபோது, ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். விம்பிள்டன் காமன் திடலில் தேர்வு வைத்து வீரர்களைச் சேர்த்தார்கள். 2011இல் அந்தக் கிளப் இங்கிலாந்தின் ஃபுட்பால் லீகுக்கே வந்துவிட்டது. நாம் அமைக்கப்போவது பேசுவதற்கு ஒரு திண்ணை மட்டும்தான். அதற்குக் கணினி அறிவு அதிகம் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

தொடங்கும் முன்: பரவலாக்கப்பட்டது என்றால் என்ன?

இமெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகவரி ஒரு நிறுவனத்துடையது, என் முகவரி வேறொன்றுடையது. ஆனாலும் நீங்கள் அனுப்பும் கடிதம் எனக்கு வந்து சேரும். சமூக வலைத்தளமும் அப்படி இயங்க முடியும், அதைத்தான் பரவலாக்கப்பட்டது என்கிறார்கள். தனித்தனி ஆட்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது மொழியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த மொழி 2018இல் உலகளாவிய வலைத் தரமாக ஏற்கப்பட்டது. மொத்தமாக இழுத்து மூட ஒரு முதலாளி கிடையாது.

இதில் நமக்கு வேண்டியவை இரண்டு. மாஸ்டடான் என்பது சின்னச் சின்னப் பதிவுகள் போடும் இடம், 2016இல் வந்தது. லெம்மி என்பது தலைப்பு வாரியாகத் திரி (ஒரே தலைப்பில் தொடரும் பேச்சு) போட்டு, கீழே கிளை கிளையாகப் பதில் எழுதும் இடம். 2023இல் ரெட்டிட் நிறுவனம் வெளி ஆப்களுக்குக் கட்டணம் விதித்தபோது பலர் லெம்மிக்கு இடம் மாறினார்கள். மேட்ச் பற்றி நீளமாகப் பேச லெம்மிதான் சரி, ஆள் சேர்க்க மாஸ்டடான் உதவும். அதனால் லெம்மியில் தொடங்குவோம்.

படி 1: சர்வரைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். லெம்மியில் ஒரு குழுவை ஒரு சர்வரில் தொடங்கிவிட்டால், பிறகு அதை அப்படியே தூக்கி இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோக முடியாது. வாடகை வீடு பார்ப்பது போல விசாரித்துச் சேருங்கள்.

ஜாயின்-லெம்மி.ஆர்க் தளத்தில் சர்வர்களின் பட்டியல் இருக்கிறது. நான்கைந்தைத் திறந்து, ஒவ்வொன்றின் முகப்பிலும் பக்கவாட்டில் உள்ள அறிமுகத்தைப் படியுங்கள். நடத்துபவர் தனி ஆளா, குழுவா? செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான சர்வர்கள் நன்கொடையில் ஓடுகின்றன, வரவு செலவை வெளிப்படையாகச் சொல்பவர்களை நான் அதிகம் நம்புவேன். அட்மின் கடைசியாக எப்போது எழுதியிருக்கிறார் என்றும் பாருங்கள். ஆறு மாதமாக ஆளே காணோம் என்றால் அந்த இடம் வேண்டாம். சில சர்வர்களில் அட்மின் மட்டும்தான் புதிய குழு தொடங்கலாம். அதையும் கணக்குத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரு சர்வர் மற்றொரு சர்வரோடு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளலாம். உங்கள் நண்பர்கள் ஏற்கெனவே இருக்கும் சர்வர்கள் அந்தத் தடைப் பட்டியலில் இல்லையே என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: கணக்கு தொடங்குங்கள்

பெயர், பாஸ்வேர்ட், இமெயில். அவ்வளவுதான். சில இடங்களில் ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று கேட்பார்கள். ‘இந்தியக் கால்பந்து பற்றித் தமிழில் பேச ஒரு குழு தொடங்கப் போகிறேன்’ என்று உண்மையை இரண்டு வரியில் எழுதுங்கள். அட்மின் படித்துப் பார்த்து அனுமதிக்க ஒருநாள் ஆகலாம். உள்ளே போனதும் செட்டிங்ஸில் மொழிகளில் தமிழையும் தேர்ந்தெடுங்கள்.

படி 3: குழுவை உருவாக்குங்கள்

மேலே ‘கிரியேட் கம்யூனிட்டி’ என்று இருக்கும். அதில் இரண்டு பெயர் கேட்கும். முதலாவது முகவரியில் வரும் பெயர், இதைப் பிறகு மாற்ற முடியாது. ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல், கைபேசியில் சட்டென்று தட்டும்படி வையுங்கள். இரண்டாவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பெயர். இது தமிழிலேயே இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பெயரில் ஆண்டையோ ஒரு வீரரின் பெயரையோ சேர்க்காதீர்கள். வீரர் அடுத்த சீசனில் எதிரணிக்குப் போய்விடுவார்.

அறிமுகப் பெட்டியில் மூன்று நான்கு வரி போதும். ‘மாடரேட்டர்கள் (குழுவைக் கவனித்துக்கொள்பவர்கள்) மட்டுமே எழுதலாம்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

படி 4: மற்ற சர்வர்களுக்குக் குழுவைத் தெரியப்படுத்துங்கள்

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். உங்கள் குழுவின் முழு முகவரி ‘!பெயர்@சர்வர்’ என்ற வடிவில் இருக்கும். வேறு சர்வரில் இருக்கும் நண்பர் சும்மா பெயரை மட்டும் போட்டுத் தேடினால் எதுவும் வராது. அங்கே முதல் ஆளாகத் தேடுபவர் முழு முகவரியையும் தன் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் அந்தச் சர்வர் உங்கள் குழுவைப் போய்ப் பார்க்கும். அவர் சப்ஸ்கிரைப் செய்த பிறகுதான் உங்கள் புதிய பதிவுகள் அங்கே போய்ச் சேரத் தொடங்கும். பழையவற்றில் கொஞ்சம்தான் வரும்.

ஆகவே நண்பர்களுக்கு வெறும் லிங்க் அனுப்பாமல், முழு முகவரியையும் அதை எங்கே ஒட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். கொச்சியிலிருந்து ஒரு கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ரசிகர் தன் சர்வரிலேயே உட்கார்ந்துகொண்டு உங்கள் குழுவில் வந்து வாதாடலாம், உங்களிடம் தனிக் கணக்கு தொடங்கத் தேவையில்லை. பக்கத்து ஊர்க்காரர் வராமல் கால்பந்துப் பேச்சு களைகட்டுமா?

படி 5: மேட்ச் திரி போடுங்கள்

ஒரு குழு நிற்பதும் விழுவதும் மேட்ச் திரியில்தான். கிக்-ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன்னால், லைன்-அப் வந்த கையோடு திரியைத் தொடங்கிவிடுங்கள். தலைப்பு எப்போதும் ஒரே வடிவில் இருக்கட்டும்:

[மேட்ச் திரி] சென்னையின் எஃப்சி – கேரளா பிளாஸ்டர்ஸ் | ஐஎஸ்எல் | இரவு 7.30

உள்ளே இரு அணியின் லைன்-அப், மாற்று வீரர்கள், எதில் பார்க்கலாம் என்ற விவரம். கோல் விழ விழ ‘எடிட்’ கொடுத்து நிமிடத்தோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். திரியைக் குழுவின் உச்சியில் ‘பின்’ செய்து நிறுத்துங்கள். பதில்களை ‘நியூ’ என்ற வரிசையில் வைத்துப் படிக்கும்படி முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எண்பதாவது நிமிடத்திலும் முதல் பாதிச் சண்டைதான் மேலே நிற்கும்.

ஸ்டேடியத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் அந்த முதல் வரியிலேயே வேண்டும். நேரு ஸ்டேடியத்தில் பந்து வலைக்குள் போன நொடியில் நீங்கள் ‘கோல்ல்ல்’ என்று எழுதிவிடுவீர்கள். வீட்டில் ஆப்பில் பார்ப்பவருக்கு அப்போது பந்து நடுக்கோட்டைக்கூடத் தாண்டியிருக்காது. ஒரு நிமிடம் பொறுத்து எழுதச் சொல்லுங்கள்.

மேட்ச் முடிந்ததும் தனியாக இன்னொரு திரி. அதன் தலைப்பில் ஸ்கோர் வேண்டாம். வேலை முடிந்து வந்து நள்ளிரவில் பார்ப்பவர்கள் நிறைய பேர். ஸ்கோரை உள்ளே எழுதுங்கள். மற்றத் திரிகளில் முடிவைப் பற்றிப் பேச நேர்ந்தால், எழுதும் பெட்டிக்கு மேலே உள்ள பட்டன்களில் ஸ்பாய்லர் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் தட்டிப் பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

வாரம் நடுவில் மேட்ச் இல்லாதபோது ஒரே ஒரு கேள்வித் திரி போதும். ‘உங்கள் முதல் ஸ்டேடிய அனுபவம் எது?’, ‘வியாசர்பாடியில் எந்தத் திடலில் ஆடினீர்கள்?’ என்று ஆளுக்கொரு கதை வரும் கேள்வியாக இருக்க வேண்டும்.

படி 6: விதிகளும் மாடரேட்டர்களும்

விதி ஐந்துக்கு மேல் வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். என் குழுவில் மூன்றுதான். ஆட்டத்தைத் திட்டலாம், ஆளின் சாதி, மதம், நிறம், ஊரைத் தொடக்கூடாது. திருட்டு ஸ்ட்ரீம் லிங்க் போடக்கூடாது, ஏனென்றால் புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் சர்வரை இலவசமாக நடத்தும் அட்மின். பந்தய ஆப் விளம்பரம் வந்தால் உடனே நீக்கம். இந்த மூன்றாவது விஷயத்தில் துளியும் தயவு காட்டாதீர்கள். ஒன்றை விட்டால் ஒரே வாரத்தில் பத்தாகும்.

முதல் நாளே இன்னும் இரண்டு பேரை மாடரேட்டராக்குங்கள். அவர்கள் குழுவில் ஒரு பதில் எழுதியதும், அதன் மெனுவிலிருந்தே பொறுப்பைக் கொடுக்கலாம். ஒருவரிடம் மட்டும் சாவி இருந்ததால்தான் எங்கள் பழைய குழு போனது. மூவரில் ஒருவராவது வேறு சர்வரில் கணக்கு வைத்திருப்பவராக இருக்கட்டும். வரிசையையும் கவனியுங்கள். பட்டியலில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நீக்கலாம், கீழே இருப்பவரால் மேலே இருப்பவரை நீக்க முடியாது. எதை, ஏன் நீக்கினோம் என்பது ‘மாட்லாக்’ பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நீக்கும்போது காரணத்தை ஒரு வரியாவது எழுதுங்கள்.

படி 7: மாஸ்டடான்காரர்களை அழைத்து வாருங்கள்

மாஸ்டடானில் இருப்பவர் ‘@பெயர்@சர்வர்’ என்று தேடி உங்கள் லெம்மி குழுவை ஃபாலோ செய்யலாம், அங்கிருந்தே பதிலும் எழுதலாம். குழுவை மென்ஷன் செய்து அவர் புதிய பதிவு போட்டால், முதல் வரி திரியின் தலைப்பாக வந்துவிடும். அங்கே ஆட்களைக் கண்டுபிடிக்க ஹேஷ்டேக்தான் வழி, அதையே ஃபாலோ செய்யும் வசதியும் உண்டு. தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டு மாற்றாமல் பயன்படுத்துங்கள்.

புதிதாக மாஸ்டடான் கணக்கு தொடங்குபவர்களை ஜாயின்மாஸ்டடான்.ஆர்க் பட்டியலில் உள்ள சர்வருக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலில் இருக்க, தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், மூடுவதாக இருந்தால் 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்ற உறுதிமொழியை ஏற்றிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: இங்கே தனிச் செய்திகள் பூட்டிய கடிதம் அல்ல, சர்வர் அட்மின் நினைத்தால் படிக்கலாம். போன் நம்பர், டிக்கெட் பணம் பற்றிய பேச்சை இங்கே வைக்காதீர்கள்.

சொந்தமாகச் சர்வர் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முதல் சீசனில் வேண்டாம். சர்வர் வாடகை, அப்டேட், ஸ்பேம் எல்லாம் உங்கள் தலையில் விழும், மேட்ச் பார்க்க நேரம் இருக்காது.

படி 8: மாதம் ஒருமுறை சேமியுங்கள்

உங்கள் குழு இருக்கும் சர்வர் நாளை மூடினாலும், சப்ஸ்கிரைப் செய்த மற்ற சர்வர்களில் எழுத்துகளின் பிரதி நிற்கும். புதிதாக எதுவும் பரவாது, ஆனால் பழையதைப் படிக்கலாம். படங்கள் விஷயத்தில் மட்டும் இதை நம்பக்கூடாது. ஏற்றிய சர்வரோடு அவை போய்விடலாம். எனவே மாதக் கடைசி ஞாயிறு அன்று நல்ல திரிகளைப் பக்கமாகவும், படங்களைத் தனியாகவும் கணினியில் இறக்கிவைக்கிறேன்.

போன மாதம் அந்தப் பழைய நண்பர் குழுவில் சேர்ந்தார். கார்னர் படத்தைத் திரும்ப வரைந்து தரமுடியுமா என்று கேட்டேன். நோட்டுத் தாளிலேயே வரைந்து போட்டார். இரண்டாவது கார்னருக்கு ஆல்வ்ஸ் ஓடிவந்த திசை தப்பு என்று கீழே முதல் பதிலே சண்டையோடு வந்தது. படத்தை அன்றே இறக்கி வைத்துவிட்டேன், சண்டை இன்னும் ஓடுகிறது.