செப்டிக் டேங்கை மாற்ற வேண்டுமா, சுத்தம் செய்தால் போதுமா?

கழிவறையில் தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியதும், "டேங்க் போய்விட்டது, புதிதாகக் கட்ட வேண்டியதுதான்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அவசர முடிவு. செப்டிக் அமைப்பு இரண்டு உறுப்புகளைக் கொண்டது: ஒன்று, கசடு தங்கும் தொட்டி, மற்றொன்று, தொட்டியிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி. இவற்றில் எது கெட்டிருக்கிறது என்று பிரித்தறிந்த பிறகே மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

படி 1: வீட்டுக்குள் பாருங்கள்

ஒரே ஒரு கழிவறையில் மட்டும் தண்ணீர் தேங்கினால் கோளாறு அந்தக் குழாயில்தான். தரைத்தளத்தில் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் தேங்கி, குளியலறையின் தரைத் துவாரம் வழியே கழிவுநீர் மேலே வந்தால், வெளியே பார்க்க வேண்டும். அதற்கு முன், ஃபிளஷ் டேங்கில் சில துளி வண்ணம் கலந்து அரை மணி நேரம் பயன்படுத்தாமல் விடுங்கள். பீங்கானில் வண்ணம் இறங்கியிருந்தால், தெரியாமல் ஒழுகும் அந்த நீரே இரவும் பகலும் உறிஞ்சு குழியை நிரப்பிக்கொண்டிருக்கக் கூடும்.

படி 2: நீர்மட்டத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கோ இதுவே முதன்மையானது. மூடியைத் திறக்கும்போது துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். தீக்குச்சி கொளுத்தக் கூடாது. தலையை உள்ளே நீட்டக் கூடாது. எக்காரணம் கொண்டும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் இந்த இரண்டாவது வாயு, அளவு மிகும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும் என்பதால், நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது.

நல்ல நிலையில் உள்ள தொட்டியில் நீர், வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு நிற்கும். நெடுநாள் பயன்பாட்டில் உள்ள தொட்டியில் அதற்குக் கீழே நின்றால் தொட்டி எங்கோ கசிகிறது. மேலே நின்றால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சு குழி நீரை ஏற்க மறுக்கிறது. எங்கள் வீட்டில் ஒருமுறை மட்டம் ஒரு சாண் உயர்ந்து நின்றது. வந்து பார்த்தவர் புதுக் குழிக்கு அளவெடுக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் வெளியேறும் வழியில் இருந்த டி வடிவக் குழாயில் சிக்கியிருந்த துணியைக் கொக்கியால் இழுத்ததும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் இறங்கிவிட்டது.

படி 3: கசட்டை அளந்து பாருங்கள்

நீண்ட கம்பின் அடிப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, தொட்டியின் தரை வரை மெல்ல இறக்கிச் சில நிமிடங்கள் கழித்து எடுத்தால், கசடு படிந்த உயரம் வரை துணி கறுத்திருக்கும். மேலே பாலேடு போல மிதக்கும் கொழுப்புப் படலத்தின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் (உதாரணமாக, 150 செ.மீ. ஆழத்தில் 50 செ.மீ.), தேவைப்படுவது சுத்தம் செய்தலே, மாற்றம் அல்ல.

படி 4: சுத்தம் செய்யும் நாளில் அருகில் இருங்கள்

லாரிக் குழாய் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, வெளியேறும் குழாய் வழியாக நீர் திரும்பித் தொட்டிக்குள் கொட்டுகிறதா என்று கவனியுங்கள். கொட்டினால் உறிஞ்சு குழி நிரம்பி நிற்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்வதாலும் இப்படி நேரும் என்பதால், வறண்ட நாட்களில் மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அதே நிலை என்றால், குழியின் சுவரிலும் அடியிலும் நுண்ணுயிர்கள் படிந்த கரிய வழுவழுப்பு மண்ணின் துளைகளை அடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

காலியான தொட்டியை மேலிருந்தே விளக்கடித்துப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலுள்ள கான்கிரீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏனெனில் ஹைட்ரஜன் சல்ஃபைடு அங்கேதான் கந்தக அமிலமாக மாறி அரிக்கிறது. மேற்பூச்சு உதிர்வதைப் பழுதுபார்க்கலாம். கம்பி வெளியே தெரிந்து துருப்பிடித்திருந்தாலும், மேல்தளம் தொய்ந்திருந்தாலும், சுவர் நகர்ந்து விரிசல் விட்டிருந்தாலும் பொறியாளரை அழைத்துத் தொட்டியை மாற்றுவது பற்றிப் பேச வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

படி 5: சுற்றியுள்ள மண்

வெயில் காலத்திலும் குழியின் மேல்மண் சதசதவென்று இருப்பதும், அந்த இடத்தில் மட்டும் புல் தழைத்து நிற்பதும் உறிஞ்சு குழியின் கோளாறைக் காட்டும். அருகில் கிணறு இருந்தால் அதன் நீரில் கழிவுநீர் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவும் நைட்ரேட்டும் உள்ளனவா என்று ஆய்வகத்தில் சோதியுங்கள்.

குழி மட்டும் கெட்டிருந்தால், நல்ல தொட்டியை இடிக்காமல் புதுக் குழி ஒன்றை வெட்டி இணைத்தால் போதும். சில மாதங்கள் ஓய்வு கொடுத்தால் பழைய குழியும் ஓரளவு தேறும். தொட்டியே மாறுகிறதென்றால், பழையதைக் காலி செய்து, அடியில் துளையிட்டு, மணலோ சரளையோ நிரப்பி மூடச் சொல்லுங்கள். வெற்றிடமாக விட்டால், அதன் மூடி என்றாவது ஒருநாள் யாரேனும் காலை வைக்கும்போது உடைந்து விழும்.