ஊருக்குப் போனால் காரை யார் ஓட்டுவது?

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், தமிழ்நாட்டுக்குப் போவது பற்றி இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். டிக்கெட் என்ன விலை? அங்கே வண்டிக்கு என்ன ஏற்பாடு? முதல் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு ஆளாளுக்கு ஒரு கருத்து. "நாமே ஒரு காரை எடுத்து ஓட்டிக்கலாம், இங்கேயும் இடதுபக்கம்தான், அங்கேயும் இடதுபக்கம்தான்" என்பான் தம்பி. "ஒரு இன்னோவாவைப் பிடிச்சுப் பத்து நாளும் கூடவே வெச்சுக்கலாம்" என்பார் அம்மா. இரண்டையும் செய்து பார்த்துக் காசு விட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் தம்பி சொல்வது. தமிழ்நாட்டில் ஓட்ட, சிங்கப்பூர் உரிமத்தோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை இங்கே ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிங்கப்பூர்தான் தருகிறது. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். உங்கள் உரிமம் 3ஏ வகுப்பு என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அது ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும். ஊரில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் கியர் வண்டிகள் நிறைய. முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்யாவிட்டால், விமான நிலைய வாசலில் சாவியை வாங்கிக்கொண்டு விழிக்க வேண்டியதுதான்.

அடுத்து, நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. "என் ஃபிரெண்டு வண்டி இருக்கு மாப்ளே, நாளுக்கு இவ்வளவு கொடுத்தா போதும்" என்று யாராவது வெள்ளைப் பலகை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரிக்க அதுவே போதுமான காரணம்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் சாலை வேறு. ஒருமுறை திருச்சியில் கார் எடுத்துத் தஞ்சாவூருக்கு நானே ஓட்டினேன். அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. நான்குவழிச் சாலையில் என் தடத்திலேயே எதிரே ஒரு பைக் வந்தது. ஓட்டியவர் முகத்தில் சின்னச் சங்கடம்கூட இல்லை. நான்தான் வழியை மறித்துக்கொண்டு வருவதுபோல ஒரு பார்வை. ஊருக்குள் இறங்கினால் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைகள். அறுவடைக் காலமானால் பாதிச் சாலையில் நெல் காயும். பொழுது சாய்ந்த பிறகு ஹைபீம் வெளிச்சத்தில் கண் கூசும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் கிட்டே போன பிறகுதான் தெரியும். சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டிப் பழகிய கைக்கு இது புதுப்பாடம். அதிலும் சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) விலையைப் பார்த்துக் கார் வாங்காமலே இருந்துவிட்ட என்னைப் போன்றவர்கள் கடைசியாக ஓட்டி எத்தனை மாதம் ஆயிற்றோ! காரைத் திருப்பிக் கொடுத்தபோது, நான் எடுக்கும் முன்பே இருந்த ஒரு கீறலுக்கு முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். படம் எடுத்து வைக்காதது என் தப்பு. நீங்கள் எடுப்பதானால் சாவி வாங்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

இருந்தும் யாருக்காவது ஒத்துவருமா என்றால், வரும். கியர் வண்டி நன்றாக ஓட்டத் தெரிந்த, இளைய வயது, இரண்டே பேர், அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி. அது அருமையான ஓட்டம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் போய் முதல் பாடம் படிக்க வேண்டாம். வயதான அப்பா அம்மா, பிள்ளைகள், ஆளுக்கு 30 கிலோ பெட்டி என்று போகும் குடும்பத்துக்குச் சக்கரத்தை நாம் பிடிப்பது விடுமுறையே அல்ல என்பது என் முடிவு.

சரி, ஓட்டுநரோடு அமர்த்துவது என்றாகிவிட்டது. இங்கேதான் அம்மாவோடு எனக்குச் சண்டை. பத்து நாளும் ஒரே வண்டி எதற்கு?

சென்னை, திருச்சி, கோவை போன்ற நகரங்களுக்குள் செயலி வண்டியே போதும். நாம் இங்கே வண்டி கூப்பிடும் கிராப் செயலி அங்கே கிடையாது. 2018ல் இங்கிருந்து ஊபர் விடைபெற்றபோது அழித்த செயலியை மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். ஓலா, ராபிடோவும் உண்டு. வண்டி உறுதியானதும் ஓட்டுநர் போன் செய்து இரண்டு கேள்வி கேட்பார்: "எங்க சார் போகணும், கேஷா ஆன்லைனா?" கேஷ் என்றால் வண்டி வரும். ஆன்லைன் என்றால் பல சமயம் நாமே ரத்து செய்யும்வரை அசையாமல் நிற்கும். அதனால் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்திருங்கள். வண்டியில் ஏறியதும் செயலியில் வந்த எண்ணைச் சொன்னால்தான் பயணம் தொடங்கும். உள்ளூர் சிம் இல்லாமல் இந்தப் பேச்செல்லாம் ரோமிங்கில் நடந்தால் ஆட்டோ கூலியைவிடப் போன் செலவு கூடிவிடும். சென்னையில் இறங்குபவர்களுக்கு ஒன்று: விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. பெட்டி குறைவென்றால் அதில் ஏறிவிடுங்கள்.

ஊர்விட்டு ஊர் போவதற்குத்தான் டூரிஸ்ட் டாக்சி. இதில் இரண்டு கணக்கு இருப்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. போய்த் திரும்பும் பயணத்துக்கு, நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது பொதுவான வழக்கம். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது உண்டு. ஓட்டுநர் பேட்டா (அவருக்கான தினப்படி), டோல், பார்க்கிங் தனி. இன்னொன்று டிராப் டாக்சி. ஒருவழிக்கு மட்டும் காசு, ஆனால் குறைந்தது 130 கிலோமீட்டர்.

கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 500 என்று வைத்துக்கொள்வோம். காரைக்குடியில் கல்யாணம், திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். மூன்று நாள் வண்டியைக் கூடவே வைத்திருந்தால் நாளுக்கு 3,500ம் பேட்டாவும் சேர்த்து 12,000 ரூபாய். அதில் பெரும்பகுதி நேரம் வண்டி மண்டப வாசலில் வேப்பமர நிழலில் தூங்கும். போக ஒரு டிராப், வர ஒரு டிராப் என்றால் ஒருதடவைக்கு 1,820ம் பேட்டாவும், இரண்டுக்கும் சேர்த்து 4,640 ரூபாய்தான். மண்டபத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போக ஆட்டோ இருக்கவே இருக்கிறது.

அதே சமயம், திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், சுற்றுவட்டாரக் கோவில்கள் என்று காலையில் கிளம்பி இரவு திரும்பும் நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். அன்றைக்கு நாள் வாடகைதான் லாபம். அங்கே கோவில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதால், அந்த நேரத்தில் எங்கே சாப்பாடு, எங்கே சற்றுச் சாயலாம் என்று தெரிந்த ஓட்டுநர் பெரிய துணை. எங்கள் குலதெய்வக் கோவில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறது. கூகுள் மேப் எங்களை ஒரு களத்துமேட்டில் கொண்டுபோய் விட்டது. ஓட்டுநர் இறங்கி டீக்கடையில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்து நேராகக் கோவில் வாசலில் நிறுத்தினார்.

பேரம் பேசும்போது வாடகையைவிட இவற்றைக் கேளுங்கள். மலைப்பாதைக்குக் கூடுதல் உண்டா? கேரளாவோ புதுச்சேரியோ போனால் பெர்மிட் யார் செலவு? கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்கும், அவர்கள் ஷெட்டிலிருந்தா, நம் வீட்டு வாசலிலிருந்தா? பின்சீட்டு பெல்ட் வெளியே இருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சீட் கவருக்கு அடியில் பெல்ட்டைப் புதைத்துவிடுவது அங்கே சகஜம். சின்னப் பிள்ளை இருந்தால் குழந்தை இருக்கையை இங்கிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

ஏழு பேர் உட்காரும் இன்னோவாவில் ஏழு பேரும் ஏறிவிட்டால் பெட்டிக்கு இடமில்லை. மேலே கேரியர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓட்டுநரின் தூக்கம் உங்கள் கணக்கிலும் வர வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, இரவு பதினொன்று வரை ஓட்டவைத்து, வண்டிக்குள்ளேயே படுக்கவிட்டு, மறுநாள் அதே ஆளை நம்பி நெடுஞ்சாலையில் ஏறுவது ஆபத்து. தங்கும் இடத்தில் ஓட்டுநர் அறை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்திலேயே ஒரு லாட்ஜ் போட்டுக் கொடுங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் கார் இருந்து, ஓட்டத்தான் ஆளில்லை என்றால் ஆக்டிங் டிரைவர் கிடைப்பார். நாள் சம்பளம், சாப்பாடு, பெட்ரோல் நம்முடையது. எங்கள் மாமா வீட்டு வண்டியில் இப்படித்தான் ஒரு வாரம் சுற்றினோம். இருப்பதிலேயே சிக்கனம் இதுதான். மாமாவும் முன்சீட்டில் ஏறிக்கொள்வார் என்பதைத் தவிர.

சென்னையிலிருந்து மதுரை என்றால் 450 கிலோமீட்டருக்கு மேல். அதற்குக் கார் வேண்டாம், ரயில். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும்; திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பள்ளி விடுமுறையும் சபரிமலை சீசனும் ஒன்றாக வருகின்றன. வேன், இன்னோவா எல்லாம் ஐயப்ப பக்தர்களுக்குப் போய்விடும். கிடைப்பதும் விலை ஏறியிருக்கும். எனக்குப் பிடித்த திருச்சி ஓட்டுநர் அண்ணனுக்குச் சென்ற முறை நவம்பர் கடைசியில்தான் போன் செய்தேன். "மாலை போட்டிருக்கேன் தம்பி, மலைக்குக் கிளம்புறேன்" என்றார். இந்த முறை செப்டம்பரிலேயே கூப்பிட்டுத் தேதி சொல்லிவிட்டேன்.